ஸ்பீக்கர் பக்கத்தில் தூங்குகிறவன்

ஜூன் 1

அன்பு மருமகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேரனைத் தூக்காமல் கை வெறிச்சென்று இருக்கிறது.

நேற்றே சொல்ல வாயெடுத்தேன், நீ முகத்தைத் தூக்கிக்கொண்டாய். ஆராதனையில் நீ கீபோர்டு வாசிக்கும்போது அவன் ஸ்பீக்கர் பக்கத்திலேயே தூங்குகிறானே, அது சமர்த்து இல்லை. முதுகுப்பக்கம் நின்று பத்துத் தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. பெற்ற நீ எட்டு மாதமாக என்ன கவனித்தாய்? டாக்டரிடம் அவன் காதைக் காட்டு.

அத்தை

ஜூன் 23

அன்புள்ள அத்தைக்கு,

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ‘பெற்ற நீ’ என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்து எரிந்துகொண்டிருந்தேன். பாடகர் குழுப் பெண்களிடம் படித்தும் காட்டினேன். “அழுதா வளக்கத் தெரியல, அழலைன்னா காது கேக்கல! மாமியார்னா சும்மாவா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். அதோடு விட்டேனா? உங்கள் மனம் மாறவேண்டும் என்று ஜெபக்குறிப்பு வேறு கொடுத்தேன். முழங்கால் போட்டு ஜெபித்தார்கள், அத்தை.

போன சனிக்கிழமை பயிற்சியில் யாரோ மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோக, அது வீலென்று அலறியது. அத்தனை பேரும் காதைப் பொத்தினோம். இவன் அதன் அடியில் உட்கார்ந்து கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து பயம் பிடித்து ஆட்டுகிறது. தட்டைக் கீழே போடுகிறேன், கதவை அறைகிறேன், திரும்புவானா என்று பார்க்கிறேன். “சளியா இருக்கும், விடு” என்கிறார் உங்கள் மகன். அவர் குரலிலும் பயம்தான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதே பெண்கள் முன்னால் எழுந்து நின்றேன். “எங்க அத்தை சொன்னதுதான் சரி. அவங்களுக்குன்னு கேட்ட ஜெபத்தை எனக்குப் பண்ணுங்க” என்றேன். ஆண்டவர் என்னை எத்தனை பொறுத்திருக்கிறார், உங்கள் ஒரு வரியை நான் பொறுக்கவில்லையே.

அடுத்த வியாழக்கிழமை காதுப் பரிசோதனை. எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டிக்கொண்டாவது வாருங்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 27

என் மகளே,

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. நீ பொறுத்துக்கொள். எனக்குப் பயம் வந்தால் அது வாயில் வசையாகத்தான் வரும். எனக்காக முழங்கால் போட்டவர்களுக்கு என் ஸ்தோத்திரம் சொல். அந்த ஜெபம் எனக்கும் தேவைதான்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்று எனக்கும் பயம்தான். என்ன சொன்னாலும் உன் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன்.

தட்டைப் போட்டுப் பார்த்தது போதும், நிறுத்து. நானும் இனி முதுகுப்பக்கம் நின்று கூப்பிட மாட்டேன். வந்ததும் அவன் எதிரே தரையில் உட்காருகிறேன். அவனாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

அத்தை