வலிக்காத முட்டி

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். உன் செய்தி வந்தது. முட்டி ரொம்ப வலிக்குதாப்பா, டாக்டரைப் பார்த்தீங்களா, சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைக்கட்டுமா, கார்ப் பயணத்துக்கு மாசக் கடைசிக்குள்ள பதிவு பண்ணணும், வர்றீங்களா இல்லையா என்று கேட்டிருந்தாய். போனில் பதில் போட்டால் அம்மா எடுத்துப் பார்த்துவிடுவாள், அதனால்தான் தபால். என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை, மூன்று மாடியும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் வரவில்லை.

அன்று நீ கூப்பிட்டபோது அம்மா கையில் தையல் வேலை இருந்ததால் போனை மேஜையில் வைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் உக்கார முடியாது, நாம ரெண்டு பேரும் மட்டும் போயிட்டு வரலாம்டி என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் ஏறிவிட்டது. எனக்கா முட்டி வலி, இப்போதே கேட்டுவிடுகிறேன் என்று ஈரக் கையோடு வந்தேன். வாசற்படியில் பார்த்தால் உன் அம்மா கண்ணாடி முன்னால் நின்று, பயணத்துக்கென்று தானே தைத்த வெயில் தொப்பியை இப்படிச் சாய்த்தும் அப்படிச் சாய்த்தும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. அவள் பாடிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. சத்தம் போடாமல் திரும்பிப் போய் மிச்சத் துணியைக் காயப்போட்டேன்.

போன வருஷத்தை நினைத்தேன் சின்னு. அந்த ஏரியைச் சுற்றி எங்களைக் கூட்டிப்போனாயே, உண்மையைச் சொல்கிறேன், நான் ஏரியைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் உன் வண்டியின் வேகம் காட்டுகிற முள்ளையும் கண்ணாடியையும் முன்னால் போன லாரியையும்தான். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஆயுசு முழுக்க அதன் மேலேயே கால் வைத்து உட்கார்ந்தவன், உன் காரிலும் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து கால்மிதி விரிப்பைச் சுருட்டியே வைத்துவிட்டேன். ஏரி நன்றாகத் தெரிகிற அந்த வளைவில் வண்டி நிறுத்த இடம் விட்டிருந்தார்கள், நீ இண்டிகேட்டரும் போட்டுவிட்டாய், அம்மா பிளாஸ்க்கைக் கையில் எடுத்துவிட்டாள். வளைவுல எவனாவது நிறுத்துவானா, போ போ என்று கத்தினேன். நீ அப்படியே ஓட்டிக்கொண்டு போய்ப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி முகம் கழுவிக்கொண்டு வந்தாய். கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டு டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்துகொண்டேன். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு டீச்சர் ஏரி எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, தண்ணி இருந்துச்சு என்றாள் உன் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எனக்கு வர ஆசை இல்லாமல் இல்லை. பழைய டிரைவிங் ஸ்கூலில் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டும் விட்டேன். பின் சீட்டில் உட்கார்கிறேன், காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொள்கிறேன், வாயே திறக்க மாட்டேன் என்று உனக்கு எழுதலாம் என்றுகூடப் பார்த்தேன். என்னை எனக்குத் தெரியாதா, முதல் திருப்பத்திலேயே திறந்துவிடுவேன். உன் காரில் மேப்புக்குள்ளிருந்து வழி சொல்கிற அந்தப் பெண் இருக்கிறாளே, நீ தப்பான பக்கம் திரும்பினாலும் ஒரு வார்த்தை திட்டாமல் வேறு வழி சொன்னாள். அது எனக்கு இத்தனை காலத்தில் வரவில்லை.

அதனால் நான் சொல்வதைக் கேள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. ஐந்து ஊர் என்று போட்டிருக்கிறாய், அதெல்லாம் வேண்டாம், இரண்டு போதும், ஓடிக்கொண்டே இருந்தால் அவளுக்குப் பெட்டி கட்டி அவிழ்க்கவே சரியாக இருக்கும். காலையில் மட்டும் வண்டி ஓட்டு, மதியம் சாப்பிட்டால் தூங்கிவிடுவாள், எழுந்து என்னத்தைப் பார்த்தேன் என்று தன்னையே நொந்துகொள்வாள். வாடகைக்குத் தாழ்வான கார் எடுக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாத்திரைப் பை டிக்கியில் போகக் கூடாது. ஒன்று முக்கியம், பாத்ரூமுக்கு நிறுத்து என்று அவள் வாய் விட்டுக் கேட்கவே மாட்டாள், அதற்குப் பதில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். எனக்குப் போகணும்மா என்று நீயே சொல்லி அடிக்கடி நிறுத்து. அவள் அங்க பாருடி, அங்க பாருடி என்பாள், நீ ரோட்டைப் பார்த்தபடியே ஆமாம்மா என்று சொல்லிவிடு, அது போதும் அவளுக்கு. நான் அதற்கும் பேசாம வா என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று மருந்துக் கடைக்குப் போய் முட்டிக்கு மாட்டும் பட்டை ஒன்று வாங்கினேன். எந்தக் கால் சார் என்று கடைக்காரர் கேட்டபோதுதான் அதை யோசிக்கவில்லை என்று தெரிந்தது. வலது கால் என்றேன், எப்படியும் தப்புச் செய்த கால் அதுதான். வீட்டுக்குக் கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்தேன். பட்டையைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, ஐயோ என் வாய் முகூர்த்தம் என்று முணுமுணுத்தாள், எனக்குக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று முதல் சாயங்காலம் தையலை எடுத்து வைத்ததும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தைலம் தேய்த்துவிடுகிறாள். நேற்று தேய்த்துக்கொண்டே தலை நிமிராமல், சரியாயிட்டா சொல்லுங்க, சின்னுகிட்ட சொல்லி உங்களுக்கும் சேர்த்தே போட்டுரலாம், மூணு பேருமாவே போவோம் என்றாள். சரியாயிடுச்சு என்று ஒரு நொடி வாய்வரை வந்துவிட்டது. தொப்பி ஆணியில் மாட்டியிருந்தது. இன்னும் ரொம்ப வலிக்குதுடி என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்துத் தேய்த்தாள்.

இதை அவளிடம் எப்போதும் சொல்லிவிடாதே. அடுத்த முறை பேசும்போது என் கால் எப்படி இருக்கிறது என்று அவள் காதில் விழுகிற மாதிரி கேள். நீ எந்த ரோட்டில் போனாலும் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வர வேண்டும், மனசுக்குப் பிடித்தபடி நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா வாழ்த்துகிறேன். அந்த வளைவை மறந்துவிடாதே. அது போல் ஒன்று வந்தால் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்து, பிளாஸ்க்கைத் திறந்து அம்மாவுக்கு ஊற்றிக் கொடு, அவளாகப் போகலாம் என்று சொல்லும்வரை வண்டியை எடுக்காதே.

இப்படிக்கு,
முட்டி வலிக்காரன்,
உன் அப்பா