ஐந்து மணிக்கு நிறுத்திய இயந்திரம்

மார்ச் 4, செவ்வாய்

"என் வண்டிய ஓட்டலாமா, அக்கா?" என்று தங்கை போனில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பிரேக் பெடல் சோதனைக்கூடத்தில் பதினொரு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறவள் நான். எனக்கே தெரியவில்லை.

காலையில்தான் அறிவிப்பு வந்தது. எங்கள் கம்பெனி நாலாயிரம் கார்களைத் திரும்ப அழைக்கிறது. பெடல் அசையும் அச்சைச் சுற்றி மோதிரம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், புஷ் என்போம். அது பிளந்தால் பெடல் ஒரு பக்கம் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். ஆறு வண்டிகளில் அப்படி ஆகியிருக்கிறது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. இதுவரை.

தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அதே மாடல் வண்டி. ஆனால் அதன் எண் பட்டியலில் இல்லை.

"பட்டியல்படி ஓட்டலாம்" என்றேன்.

"உன்கிட்ட மணி கேட்டாக்கூட 'என் வாட்ச்படி'ன்னுதான் சொல்லுவே" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

மார்ச் 5, புதன்

தரப்பிரிவு மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நிதானம். எதை எடுத்துக்கொண்டு போனாலும் "நிதானமா பார்ப்போம்" என்பார். இன்று நிதானம் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார்.

"ஆறும் ஒரே தொகுதி மேடம். அந்தத் தடவை வந்த பிளாஸ்டிக் மட்டம். சப்ளையரை மாத்தியாச்சு. புது புஷ் ரெடி. நீங்க டிசம்பர்ல பாஸ் பண்ணதுதான்."

பாஸ் செய்தேன். இரண்டு லட்சம் அழுத்தல், ஒரு கீறல் இல்லை. ஆனால் பழையதும் இரண்டு லட்சம் தாங்கியதுதானே? அதிலும் என் கையெழுத்துதானே? கேட்டேன்.

"நம்மகிட்ட மட்டும் நல்ல சாம்பிளா அனுப்பியிருப்பான்."

இருக்கலாம். 'இருக்கலாம்' என்பது எப்போதிலிருந்து எனக்குப் பதிலாகப் படுகிறது?

மார்ச் 7, வெள்ளி

சர்வீஸ் சென்டர்களில் புது புஷ் பொருத்த ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாளே அறுபது வண்டி.

மார்ச் 8, சனி

ஆறு புகார்களின் கோப்புகளையும் வாங்கிப் படித்தேன். ஆறும் வாடகைக் கார்கள். ஒரே முதலாளி, ஒரே நாளில் வாங்கியவை. அதனால்தான் ஒரே தொகுதி. அதுவரை நிதானம் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு டிரைவர் சொன்ன வரி. "பகல்ல நான், ராத்திரி இன்னொருத்தர். வண்டி ஆறவே ஆறாது."

டீ ஆறிப்போனது. நான் எழுந்து போய் எங்கள் சோதனை இயந்திரத்தின் முன்னால் நின்றேன். அது ஆறும். தினமும் ஆறும்.

மூன்று வருடத்துக்கு முன் கூடத்தில் ஆள் இல்லாத நேரம் காற்றுக் குழாய் ஒன்று வெடித்தது. அதற்குப் பிறகு நான்தான் எழுதினேன்: ஆள் இல்லாமல் இயந்திரம் ஓடக் கூடாது. மாலை ஐந்துக்கு நிறுத்தி, காலை ஒன்பதுக்கு விட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும். "இடைவெளி விட்டாலும் மொத்த எண்ணிக்கை மாறாது." என் வாக்கியம். ஒன்பது நாள் சோதனை ஒரு மாதம் இழுத்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. என் எச்சரிக்கை உணர்வை மீட்டிங்கில் பாராட்டினார்கள்.

எண்ணிக்கை மாறாதுதான். பிளாஸ்டிக் மாறுமே? உரசிச் சூடாகி இளகுவது, பதினாறு மணி நேரம் சும்மா இருந்தால் பழைய நிலைக்கு வந்துவிடாதா? நான் சோதித்தது தினமும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு பெடலை.

அப்படியானால் குறை தொகுதியில் இல்லை, என் சோதனையில். இப்போது பொருத்துகிற புது புஷ்ஷுக்கும் அதே ஆபத்துதான். விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை, புதிதாகக் கற்பவர்கள் பயந்து பயந்து பிரேக்கை மிதிக்கிற தங்கை வண்டிக்கும்.

அப்படியானால். நிரூபணம் எதுவும் இல்லை. ஊகம்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் கிளாஸுக்கு லீவு விடேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா எதுவும் சொல்ற ஆளா நீ? காரணம் சொல்லு, விடறேன். வியாழக்கிழமை நாலு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட்."

கம்பெனி விஷயம் வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதுதான் காரணமா? இல்லை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நாற்பத்தொன்பது வயதில், ஈரக் கையோடு நிற்கிற தங்கச்சியிடம், தப்பாகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு வந்தேன். என்ன ஜென்மமோ.

மார்ச் 10, திங்கள்

காலை ஒன்பதுக்குப் புது புஷ்ஷைப் பொருத்தி இயந்திரத்தை ஓட விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. நிமிடத்துக்குப் பதினைந்து அழுத்தல்.

ஐந்து மணிக்கு டெக்னீஷியன் அண்ணன் பழக்கத்தில் சுவிட்சுக்குக் கை கொண்டு போனார்.

"விடுங்கண்ணே, ஓடட்டும்."

"ஆள் இல்லாம ஓடக் கூடாதுன்னு எழுதினதே நீங்கதானே மேடம்."

"நான்தான். அதான் இப்ப கவலை."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "சரி, நானும் வாட்ச்மேனும் மாத்தி மாத்தி உக்காந்துக்கறோம். என் வீட்டு டிவி சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை."

மார்ச் 11, செவ்வாய்

இருபத்தோராயிரத்து அறுநூறு. ஒன்றும் ஆகவில்லை. உடைய வேண்டும் என்று நினைக்கிறேனா, உடையக் கூடாது என்றா?

மார்ச் 12, புதன்

தங்கை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

உடைந்துவிட்டது.

நான் போனபோது இயந்திரம் தானாக நின்றிருந்தது. எண்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. புஷ் குறுக்கே இரண்டாகப் பிளந்து, பெடல் சாய்ந்து சிக்கியிருந்தது. ஆறு புகார்ப் படங்களில் பார்த்த அதே கோணம். டெக்னீஷியன் அண்ணன் அதைத் தொடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

நிதானத்திடம் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுதானே மேடம். இன்னொண்ணு ஓட்டிப் பாருங்க. நாலு நாள்தானே, நிதானமா பார்ப்போம்."

கோபம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. யாராவது ஒரே ஒரு சாம்பிளோடு என்னிடம் வந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். இரண்டாவது புஷ்ஷை எடுத்துப் பொருத்தவும் ஆரம்பித்தேன். அப்போது நினைத்துப் பார்த்தேன் – நாலு நாளில் இன்னும் எத்தனை வண்டி? இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொருவரும் 'சரி செய்தாகிவிட்டது' என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வண்டிகளைத் திரும்ப அழைப்பதை முடிவு செய்கிற பாதுகாப்புக் குழுவுக்கு நேரடியாக ஒரு பக்கம் எழுதினேன். ஒரு சாம்பிள்தான் என்பதையும், நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னது நான் என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதினேன். நிதானத்துக்கும் ஒரு பிரதி.

பிறகு தங்கைக்குப் போன் செய்தேன். "வண்டியை எடுக்காதே. புஷ் உடையுது."

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்தது."

"சந்தேகம்னு சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன உன்கிட்ட சர்டிபிகேட்டா கேட்டேன்?"

வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நாளை என்ன ஆகும் என்று ஊகித்து எழுதப் போவதில்லை.

மார்ச் 15, சனி

நடந்தது இது.

காலை பத்துக்குப் பாதுகாப்புக் குழு கூப்பிட்டது. "தினமும் ஐந்துக்கு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னது யார்?" என்று கேட்டார்கள். "நான்" என்றேன். கம்பெனி வக்கீல் குறித்துக்கொண்டார். பதினொன்றரைக்குப் புது புஷ் அனுப்புவதை நிறுத்தினார்கள். அந்த மாடல் வண்டிகள் அத்தனையும் பட்டியலில் சேர்கின்றன. விசாரணை முடியும்வரை நான் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. நிதானம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புது புஷ் பொருத்தியவர்களுக்குப் போன் செய்ய ஆள் போதவில்லை. நானும் ஒரு பட்டியலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவதாகப் பேசியவர் கொதித்துப்போனார். "போன வாரம்தானேம்மா மாத்தினீங்க? இப்ப நீங்க சொல்றத மட்டும் எதை வெச்சு நம்பறது?"

மேசைமேல் இதற்கென்று எழுதிக் கொடுத்திருந்த பதில் இருந்தது. அதைப் படிக்கவில்லை. "அதைச் சோதிச்சவ நான்தான் சார். தப்பா சோதிச்சுட்டேன். தயவுசெஞ்சு வண்டியை எடுக்காதீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "சரி, வண்டியை இழுத்துட்டுப் போக ஆள் எப்ப வருவான்?" என்றார்.

மாலைக்குள் முப்பத்தைந்து பேருக்குப் போன் செய்தேன். நாலு பேர் எடுக்கவில்லை.