அம்புக்குறிக்குப் பொட்டு வைத்தவருக்கு

தம்பி,

நேற்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் பை வந்தது. உங்கள் மனைவி கொடுத்தனுப்பியிருந்தாள். கம்பெனிச் சாவிக்கொத்து, உங்கள் ரப்பர் ஸ்டாம்பு, அடியில் அந்தக் கறுப்பு டிஸ்க். பையைத் திறந்ததுமே சந்தன வாசனை. டிஸ்க்கின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் உங்கள் கையெழுத்து: "கம்பெனி முழுசும்." அதைச் சுற்றிச் சந்தனம் அடை அடையாகக் காய்ந்து கிடக்கிறது. ஒரு வருஷத்துப் பூசை இல்லை அது. கம்பெனியை விட்டுப் போன பிறகும் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் இதற்குப் பொட்டு வைத்திருக்கிறீர்கள். ஒயர் சொருகும் ஓட்டையில்கூடச் சந்தனம்.

உள்ளே ஒன்றுமே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியும் பொட்டு.

போய்ச் சேர்ந்தவரைத் திட்டக்கூடாது என்கிறார்கள். நீங்கள் இருக்கும்போது திட்ட எனக்கு எங்கே நேரம் கிடைத்தது? குறுவை முடிந்தால் சம்பா, சம்பா முடிந்தால் தாளடி என்று ஓடிவிட்டது. அதனால் இப்போது எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இனி நீங்கள் திருத்த வரப்போவதில்லை.

உங்கள் அண்ணன் தொடங்கிய விதைநெல் கம்பெனி இது. அவர் போன பிறகு நீங்கள் பாதி, நான் பாதி. வலங்கைமான் ரோட்டில் முதல் கம்ப்யூட்டரை மெட்ராசிலிருந்து இறக்கியது நீங்கள்தான். அதை நான் மறுக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். நீங்கள் எங்கும் போகவில்லை. அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். ஏசி அறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். நான் எட்டிப் பார்த்து எது கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது அண்ணி." ஒரு பெட்டி ஏழு பெட்டி ஆகிற வரைக்கும் அதே பதில்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு நெல் குவியலுக்கும் ஒரு லாட் நம்பர். அது யார் வயலில் விளைந்தது, என்ன ரகம், நூற்றுக்கு எத்தனை முளைத்தது, எந்த ஊர்க்காரர் வாங்கிப் போனார் என்று எல்லாம் அதில்தான். ஒருவர் வந்து "உங்க விதை முளைக்கலீங்க" என்று நின்றால், பதில் சொல்ல அது ஒன்றுதான் உண்டு. அது போனால் குடோனில் உள்ள ஒவ்வொரு மூட்டையும் சந்தேக மூட்டை. உங்கள் அண்ணன் பேரும் சேர்ந்து போகும்.

அதைத்தான் நீங்கள் ஒரு திருட்டு விண்டோஸ் சிடியை நம்பி வைத்திருந்தீர்கள். ஏழு மிஷினுக்கும் அதே சிடி. ஏழுக்கும் ஒரே பாஸ்வேர்டு, குலசாமி பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். அதையும் ஒரு சீட்டில் எழுதி மிஷின் நெற்றியில் ஒட்டியிருந்தீர்கள். லோடு ஏற்ற வருகிறவனுக்கும் தெரியும். யாரோ பாட்டுக் கேட்கச் சொருகிய பென் டிரைவில் வைரஸ் வந்தது. லேபிள் அறை மிஷின் திறந்தால் மூடிக்கொண்டது, மூடினால் திறந்துகொண்டது. நீங்கள் அதே சிடியைப் போட்டு, "சரியாயிடுச்சு" என்றீர்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை வந்தபோது ஆடி மாதம், சம்பா விதைக்கு வாசலில் டிராக்டர் வரிசை. அன்றைக்குத்தான் நான் அதிராம்பட்டினத்து நஜீம் பாயைக் கூப்பிட்டேன். துபாயில் ஒரு பெரிய ஆபீசின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், தாயாருக்கு முடியவில்லை என்று ஊரோடு வந்துவிட்டவர்.

அவர் ஏழையும் பார்த்துவிட்டு, "விண்டோஸ் மேல குத்தம் இல்லம்மா. திருட்டு சிடிக்கு அப்டேட் வராது, அதனால ஓட்டை அடைபடாது. ஒண்ணு ஏழுக்கும் ஒழுங்கா வாங்கிப் போடுங்க, இல்ல லினக்ஸுக்கு மாத்திடுவோம். அது இலவசம்" என்றார்.

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஓசியில கெடைக்கிறதுல என்னத்த இருக்கப்போவுது?"

"இப்ப போட்டிருக்கறதும் ஓசிதானேங்க. என்ன, கேக்காம எடுத்தது."

நான் சிரித்தேன். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். "நாளைக்கு இவரு துபாய்க்கே போயிட்டா யாரு பாக்குறது அண்ணி?"

"நீங்க கத்துக்கிட்டுப் பாருங்க."

"இந்த வயசுலயா?"

"உங்களைவிட எனக்கு நாலு வயசு கூட, தம்பி."

பாய் அவசரப்படவில்லை. முதலில் வாசல் அறை மிஷின் ஒன்றை மட்டும் மாற்றினார். ஒரு போகம் ஓடட்டும், பழகட்டும், அப்புறம் மற்றதைத் தொடுவோம் என்றார். நாற்றங்காலில் விட்டுப் பார்த்து நடுவது மாதிரி என்று எனக்கு உடனே பிடிபட்டது. உங்களுக்குப் பிடிபடவில்லை. அந்த ஒரு மிஷினை எல்லோரும் கேட்க "அனாதைப் பொட்டி" என்று கூப்பிட்டீர்கள்.

மீதி ஆறையும் மாற்றுகிற நாள் காலை. இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே இருப்பதற்கெல்லாம் ஒரு காப்பி வேண்டும் என்று பாய் கேட்டார். நீங்கள் சாமி மாடத்திலிருந்து இந்த டிஸ்க்கை எடுத்து வந்தீர்கள், பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும். "எல்லாம் இதுல இருக்கு. வெள்ளிக்கிழமை தவறாம நான் எடுக்கறேன். தைரியமா அழிக்கச் சொல்லுங்க."

லேபிள் ஒட்டும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாரிமுத்து மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே நின்றான். பாய் கை மிஷின் மேல் இருந்தது. நான் சொன்னேன், "இருங்க பாய். தம்பி, இதுக்கு முளைப்பு பாத்தீங்களா?"

"இது நெல்லு இல்ல அண்ணி."

நெல் இல்லைதான். ஆனால் உங்கள் அண்ணன் தன் கையால் அறுத்த விதையைக்கூட நம்பமாட்டார். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணிப் பார்க்காமல் ஒரு மூட்டை வெளியே போகாது. பார்க்க எல்லா நெல்லும் விதை மாதிரிதான் இருக்கும். அந்த வீட்டிலேயே பிறந்த உங்களுக்கு அது தெரியாதா?

"பாய், அதுலேருந்து ஒண்ணை எடுத்து உங்க மிஷின்ல தொறந்து காட்டுங்க" என்றேன். சொருகினார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், அடியில் ஃபைல் பேர் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றைத் தட்டினார், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் திறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வளைந்த சின்ன அம்புக்குறி ஒன்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பாய் தாழ்ந்த குரலில் சொன்னார். "இது ஃபைல் இல்லம்மா. ஃபைல் எங்க இருக்குன்னு கை காட்டுற பலகை. பலகையைத்தான் காப்பி எடுத்திருக்காங்க."

ரோட்டோரத்தில் தஞ்சாவூர் என்று அம்பு போட்ட பலகையைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, தஞ்சாவூரே என் வீட்டில் இருக்கிறது என்று சொன்ன மாதிரி. எத்தனை வருஷமாக, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை! உங்கள் வாயை நம்பி அன்று அழித்திருந்தால் ஆறு மிஷினில் இருந்த அத்தனை லாட்டும் அந்த நிமிஷமே போயிருக்கும்.

நான் சிரித்தேன். மறைக்கவில்லை. "இத்தனை நாளும் சாமி கும்பிட்டது பலகையையா தம்பி?" என்றும் கேட்டேன். மாரிமுத்து சிரித்தான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

நீங்கள் என்னை ஏசி அறைக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள். என் படிப்பில் தொடங்கி, உங்கள் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டதில் வந்து முடிந்தது அது. நாற்பது வருஷம் உங்களுக்குச் சோறு போட்டவளிடம். நீங்கள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு கம்பெனி வாசலை மிதிக்கவில்லை.

வேலை நிற்கவில்லை. பாய் வைரஸை அலசி எடுத்துவிட்டு, மிஷின்களிலிருந்தே நேராக எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு எடுத்தார். நான் நூறு ஃபைலை எண்ணித் திறந்து காட்டச் சொன்னேன். எண்ணி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நூறும் திறந்தது. "விதைக்கு எம்பது முளைச்சாப் போதும் பாய்" என்றேன். "இதுக்கு நூறும் முளைக்கணும்மா" என்றார். இன்னொரு டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்து என் வீட்டு பீரோவில் வைத்தோம். அப்புறம்தான் அழித்தார். இப்போது ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பென் டிரைவ் சொருக வழி இல்லை. நினைத்தவன் நினைத்ததை ஏற்ற முடியாது.

எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது என்று சொல்லமாட்டேன். லேபிள் அடிக்கிற பிரிண்டர் ஒன்பது நாள் லினக்ஸோடு பேசமாட்டேன் என்றது. அது யார் மூலமாகவோ உங்கள் காதுக்கு எட்டியது. வீட்டிலிருந்து போன் செய்தீர்கள், அது ஒன்றைக் கேட்பதற்காகவே: "லேபிள் அடிக்குதா அண்ணி?" குரலில் எவ்வளவு குளிர்ச்சி! ஒன்பது நாளும் நானும் பெண்களும் கையால் எழுதினோம். அந்த அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து மூட்டை மேல் உட்கார்ந்து திருவையாறு வரைக்கும் போயிற்று. பத்தாம் நாள் பிரிண்டர் ஓடியது. நான் உங்களுக்குப் போன் செய்யவில்லை.

கல்யாணங்களில் நீங்கள் ஒரு பந்தி, நான் ஒரு பந்தி. அப்படியே காலம் ஓடி, போன தை மாதம் நீங்கள் போனீர்கள். வந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்தேன். நான் அழவில்லை என்று ஊர் பேசியது. பேசட்டும்.

பதினாறு முடிந்ததும் பாய் வந்தார். "சின்னவரு பேர்ல ஒரு லாகின் போட்டு வச்சோமேம்மா. ஒரு நாள்கூட உள்ள வரல. இனிமே அதைத் திறந்து வைக்கக்கூடாது. போனவங்க பேர்ல வேற எவனாவது நுழைவான்."

"மூடுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு.

உங்களுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கதவைச் சாத்திப் பேசிவிட்டுப் போன அதே நாள், பாய் என்னிடம் சொன்னார்: "எல்லாத்துக்கும் மேல ஒரு பாஸ்வேர்டு வேணும்மா. அது உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கணும். சாமி பேரு வேணாம், ஊர் பேரு வேணாம், பேரப்பிள்ளைங்க பேரு வேணவே வேணாம். நீளமா ஒரு வாக்கியம். நீங்க செத்தாலும் மறக்காததா இருக்கணும், வேற யாரும் ஊகிக்க முடியாததா இருக்கணும்."

அப்படி ஒன்று எனக்கு அன்று காலையில்தான் கிடைத்திருந்தது.

பாய் நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டார். நான் இங்கிலீஷ் எழுத்தைத் தேடித் தேடி ஒரு விரலால் தட்டினேன். நீங்கள் சொன்னது ஒரு சொல் குறையாமல். முடிக்க ரொம்ப நேரம் ஆனது. "இவ்வளவு நீளமாம்மா? இதை எவனாலயும் உடைக்க முடியாது" என்று பாராட்டினார்.

அன்று முதல் தினமும் காலை எட்டரைக்கு அதைத் தட்டித்தான் மெயின் மிஷினைத் திறக்கிறேன். முதல் மாதங்களில் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித்தான் தட்டுவேன், ஒவ்வொன்றும் உங்கள் குரலில் கேட்கும். பிறகு எனக்கு வேகம் வந்துவிட்டது. இப்போது விரல் தானாகப் போகிறது. பேத்தி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, பியானோ வாசிக்கிற மாதிரி தட்டறீங்க" என்றாள்.

போன வாரம் பாய், "ரொம்ப வருஷம் ஆச்சும்மா, மாத்திடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதைச் சொன்ன வாய் ஒன்று, கேட்ட காது ஒன்று, மூன்றாவது ஆள் இல்லை. அந்த வாயும் இப்போது போய்விட்டது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அது முழுப் பத்திரம்.

அதனால் இங்கேயும் அதை எழுதமாட்டேன். நாளைக் காலை எட்டரைக்கு மறுபடி தட்டுவேன். உங்கள் அண்ணன் கம்பெனி திறந்துகொள்ளும்.

அண்ணி