காவிரி கொண்டுபோன வீடு

6 ஜூலை 1959, திங்கள். ஜீயபுரம்.
காலையிலிருந்து காற்று. ஆற்றுமணலில் வீட்டு செட் அநேகமாக முடிந்தது. மூங்கில், கோணிச்சாக்கு, மேலே களிமண் பூச்சு, கீற்றுக் கூரை. படத்தில் வெள்ளம் அடித்துப் போகும் குடியானவன் வீடு. வெள்ளத்தை மட்டும் சென்னையில் தொட்டி கட்டி, பொம்மை வீடு வைத்து எடுக்கப் போகிறார்களாம். பிடிக்கவில்லை. பொம்மை பொம்மையாகத்தான் தெரியும்.

மதியம் மனைவி ஸ்டெல்லா மேலப்புதூரில் அவள் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தாள், கையில் தந்தி. போன படத்தில் நான் போட்ட அரண்மனை செட்டுக்கு அவார்டு! ஞாயிறு டெல்லியில் விழா. புதன் ரயில். எல்லோருக்கும் காராபூந்தி, டீ. கிடைக்கும் என்று தெரியும். ஆனாலும் தந்தியை மூன்று தரம் படித்தேன்.

7, செவ்வாய்
வாழைத்தோட்டக்காரர் பொன்னுசாமி ஓடிவந்தார். "மேட்டூர்ல தொறந்துட்டாங்க. வியாழக்கிழமை தண்ணி இங்க வந்துடும்ங்க."

டைரக்டர் செட்டைப் பிரிக்கச் சொன்னார்.

நான்: "வேண்டாம் சார். நிஜ ஆறே வருது. அடிச்சுட்டுப் போகட்டும், எடுத்துக்கலாம்."

"தண்ணி நம்ம சொன்னா கேக்குமாய்யா?"

"கேக்காது. வீடு கேக்கும்."

முன்சுவர் முதலில் விழவேண்டும். உள்ளே தொட்டில் தெரியவேண்டும். கூரை கடைசியில். எந்த மூங்கில் காலைப் பாதி அறுப்பது, எதைக் கயிற்றால் கட்டுவது, என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆகவே டெல்லி இல்லை.

ஸ்டெல்லா: "புடவையெல்லாம் எடுத்து வச்சாச்சு. உடையப்போற வீடுதான் உங்களுக்குப் பெருசா?"

பஸ் ஏறிப் போய்விட்டாள். மனசு சரியில்லை. வேலை ஓடியது.

9, வியாழன்
மேகமூட்டம். வெளிச்சம் போதும். முதலில் வாசல் நனைந்தது. பிறகு முன்சுவர், நினைத்தபடியே. தொட்டில் மிதந்து வெளியே வந்தது. கூரை மட்டும் நான் நினைக்காத விதமாக, முழுசாகக் கழன்று, ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே போனது. டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார்.

கரையில் ஸ்டெல்லா! எப்போது வந்தாளோ. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்ல வீடுங்க, பாவம்."

10, வெள்ளி. ஸ்ரீரங்கம்.
காலையில் ஒரு கான்ஸ்டபிள். கூரை அம்மா மண்டபத்தில் ஒதுங்கியிருக்கிறதாம். யார் வீடு, எத்தனை பேர் என்று விசாரணை. நேரில் சொல்லப் போனேன், ஸ்டெல்லாவும். படித்துறையில் கூட்டம். திருமண் இட்ட ஒருவர் முன்னால் வந்தார்.

"குழந்தைகள் இருந்துதா? எல்லாரும் க்ஷேமமா?"

"யாரும் இல்லீங்க. சினிமாவுக்காக நான் கட்டினது."

கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சினிமாவா! ஒரு குடும்பமே போயிடுத்துன்னு எங்காத்துல நேத்திலேர்ந்து யாரும் சாப்பிடலை, தெரியுமோ?"

கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.