அன்பளிப்பு என்று அச்சடித்த இறுவட்டு

2006 பெப். 3, வெள்ளி

கடுங்குளிர். பனி உறைந்து வழுக்கும் படிக்கு உப்புத் தூவ வேண்டும். பால், முழங்கால் எண்ணெய்.

பாட்டு ஆக்கியவர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி. மகள் ஜெனி பிரெஞ்சில் கதைத்தாள். வெற்று இறுவட்டு (சி.டி.) விற்கும்போதெல்லாம் பாட்டுக்காரருக்கென்று வரி பிடிக்கிறார்கள். என் பங்கு எங்கே? என் தவக்காலப் பாட்டு இணையத்தில் கண்டவன் எல்லாம் இறக்கிக்கொள்ளும் நிலையில். சொல்லும் மெட்டும் நான். மரியதாஸ் பாடினான், அவ்வளவுதான். இணையத்தில் ஏற்றிவிட்டதும் அவனே.

என் இறுவட்டின் உறையில் என்ன விலை என்று கேட்டார்களாம். ஜெனி திருப்பிப் பார்த்தாள். "அன்பளிப்பு."

"அப்பா, சும்மா குடுத்தது எண்டு நீங்களே அச்சடிச்சிருக்கிறீங்கள். பேந்தென்ன? மரியதாஸ் மாமாவும் அதை நம்பித்தான் போட்டிருப்பார்."

எங்கள் வெளியீட்டு விழாக்களில் விலை போடுவதில்லை. வாங்குகிறவர் கடித உறையில் காசு வைத்துத் தருவார். அதற்குப் பெயர் அன்பளிப்பு. இதைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றது என் பிழை. அவளிடமே சொன்னேன். அழுதாள். உப்புத் தூவ மறந்துபோனது.

பெப். 7, செவ்வாய்

பனி. மரியதாசின் மனைவி ரோசலின் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணை, இவருக்கு வருத்தம் கடுமை. உங்களை ஒருக்கா வரட்டாம்."

"எழும்பினாப் பிறகு அவனைக் காசோடை வரச் சொல்லு."

வைத்துவிட்டேன். மத்தியானம் மீன் குழம்பு, உப்புக் கூடிவிட்டது.

பெப். 11, சனி

மரியதாஸ் போய்விட்டான். காலையிலாம்.

பெப். 14, செவ்வாய்

லாசால் மலர்ச்சாலையில் அவன் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். உள்ளே போனால் ஒலிபெருக்கியில் என் பாட்டு. இணையத்திலிருந்து இறக்கியது, இடையில் இரைச்சல் வேறு.

நிற்பாட்டச் சொன்னேன்.

"அண்ணை, அது அவரின்ரை குரல்," என்றாள் ரோசலின்.

"குரல் அவன்ரை. பாட்டு என்ரை."

நிறுத்தினார்கள். பின்னால் ஒருவன்: "செத்தவீட்டிலையும் வரி தண்ட வந்திட்டார், பாருங்கோ." சிரிப்பு. திரும்பவில்லை.

ரோசலின் கைப்பையிலிருந்து ஓர் உறை எடுத்தாள். "உங்களுக்கெண்டு வைக்கச் சொன்னவர். தன்ரை கையாலை எழுதினவர்."

மேலே அவன் எழுத்து. கோணல்மாணலாக, "அன்பளிப்பு".

வாங்கவில்லை. "அதை வெட்டிப்போட்டு, உரிமைப் பணம் எண்டு எழுதித் தா, பிள்ளை."

"அண்ணை, அவர் கடைசியா எழுதினது இதுதான்."

பேனையை நீட்டினேன். வெட்டினாள். எழுதினாள். வாங்கிக்கொண்டேன்.

இனிப் பாட்டைப் போடலாம் என்றேன். ஒருவரும் போடவில்லை.