லாடத்துக்குள் ஒரு தோல் துண்டு

மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நானும் மகாராணியும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். விமானத்தில் அவளுக்கு என்னைவிட அகலமான இடம். அவள் பாட்டுக்கு வைக்கோலை மென்றுகொண்டு வந்தாள், எனக்குத்தான் வாந்தி.

நம் லாயத்தில் ஆண்டுக்கு இரண்டு தாண்டல் போட்டி வந்தாலே அமர்க்களப்படும். இங்கே வாரம் ஒரு போட்டி! ஒரு காலத்தில் பட்டாளத்து அதிகாரிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டமாம் இது. இப்போது பல் மருத்துவர், பால் பண்ணைக்காரர், பெயரே கேள்விப்படாத தீவிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் என்று உலகமே குதிரையேறித் தாண்டுகிறது. தடைகளோ என் தலைக்கு மேலே.

ஒரு சந்தேகம். இங்குள்ள லாடக்காரர் மகாராணியின் இடது முன்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கால்ல மட்டும் லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல எதுக்குத் தோல் வச்சிருக்கு?" என்று கேட்டார். லாடம் அடித்தது எங்கள் அண்ணன், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என்ன சொல்லட்டும்?

உன்
வாலு


மார்ச் 20

என் அருமை வாலுக்கு,

உன் கடிதத்தை லாயத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம பொண்ணு, நம்ம குதிரை"ன்னு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகாராணியின் கொட்டடியை நான் காலியாகவே வைத்திருக்கிறேன். வேறு குதிரையைக் கட்டச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோல் ஒன்றுமில்லை, என் ராசி. அதை வைத்து லாடம் அடித்த பிறகுதான் நீ ஜெயிக்க ஆரம்பித்தாய். யாரையும் தொடவிடாதே. பிறந்ததிலிருந்து அண்ணன் பேச்சை நீ கேட்டதில்லை, இதையாவது கேள்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

கோபப்படாதே. தோலைக் கழற்றியாயிற்று.

ராசி என்று சொன்னதும் லாடக்காரர் சிரித்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். இங்கே எல்லாக் குதிரைக்கும் நாலு காலும் ஒரே மாதிரிதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீ ஏதாவது காரணம் எழுதியிருந்தால் அவரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். ராசிக்காக எப்படி நிற்பது, சொல்? துண்டை என் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை பெரிய சுற்று. பதினெட்டு நாட்டுக்காரர்கள். வேண்டிக்கொள்.

உன்
வாலு


ஏப்ரல் 19

அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது.

மகாராணி போய்விட்டாள்.

அடுத்தடுத்து மூன்று தடைகள். முதல் தடைக்குப் பிறகே தயங்கினாள். கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறாள் என்று நினைத்து நான்தான் உந்தினேன். இரண்டாவதைத் தாண்டி இறங்கும்போது இடது முன்கால் மடங்கிவிட்டது. இந்தக் கால் இனிக் கூடாது என்று, பச்சைத் திரை பிடித்து மறைத்துக்கொண்டு, வலியில்லாமல் உயிர் பிரிய ஊசி போட்டார்கள். அவள் தலை என் மடியில் இருந்தது. கடைசிவரை என் சட்டைப் பையைத்தான் முகர்ந்தாள், வெல்லக்கட்டி இருக்கிறதா என்று.

குளம்புக்குள் இருக்கும் சின்ன எலும்பு வெகுநாளாகவே அரித்துப் போயிருந்தது என்கிறார் மருத்துவர். "முன்னாடி லாடம் அடிச்சவருக்கு இது தெரியாம இருக்காதே" என்றார். எங்கள் அண்ணனுக்குத் தெரியாது, அது வெறும் ராசி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராசிதானே அண்ணா? ஆமாம் என்று மட்டும் எழுது. நான் நம்பிவிடுகிறேன்.

வாலு


மே 3

என் தங்கமே,

ஆமாம் என்று மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். அந்தக் காலில் குதிகால் பக்கம் உயர்த்தித் தோல் வைத்து அடித்தால் அந்த எலும்பில் பாரம் குறையும், அவளுக்கு வலி தெரியாது. சொல்லியிருந்தால் முதலாளி அன்றைக்கே அவளை ஓய்வில் விட்டிருப்பார். அந்த உயரம் தாண்ட நம் லாயத்தில் வேறு குதிரை ஏது? அவள் இல்லாமல் உன்னை யார் அனுப்புவார்கள்? உன்னிடம் சொன்னால் நீயே அவள்மேல் ஏறமாட்டாய். அதனால் உன்னிடமும் மறைத்தேன். நீ எழுதிக் கேட்டபோதாவது சொல்லியிருக்கவேண்டும். பேனாவை எடுத்துவிட்டேன், துணிச்சல் வரவில்லை.

இன்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. என் சுத்தியலையும் அரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. திட்டியாவது எழுது.

அண்ணன்


மே 24

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கை தேறிவருகிறது.

இங்கே எதுவும் நிற்கவில்லை. மகாராணி இருந்த கொட்டடிக்கு மறுநாளே வேறு குதிரை வந்துவிட்டது. அடுத்த மாதம் வேறொருவர் குதிரையில் என்னை ஏறச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அதன் நான்கு கால்களையும் மருத்துவர் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் உன்னைக் கேட்டது மார்ச் மாதம். அன்றைக்கே நீ உண்மையைச் சொல்லியிருந்தால், அவள் இந்நேரம் நீ காலியாக வைத்திருந்த கொட்டடியில் புல் தின்றுகொண்டிருப்பாள். நான் பக்கத்தில் நின்று உன்னைக் கண்டபடி திட்டிக்கொண்டிருப்பேன். நாலு நாளில் சமாதானமும் ஆகியிருப்போம்.

எனக்காகத்தான் செய்தாய். தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு வருடம் அவள் வலியின்மேல் என்னை உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கைதட்டியிருக்கிறாய்.

தோல் துண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் ராசியை நீயே வைத்துக்கொள். இனி எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

தங்கை