குதிகால் முத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பஸ்ஸில் எள் போட இடமில்லை. டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் எத்தனை பேர் என் முகத்துக்கு நேராக இருமினார்கள்! வாய்க்குக் கை வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியல். அப்புறம்தான் சுண்டுவிடம் போனேன். கட்டிலில் மல்லாந்து ஒரு காலை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். குதிகாலில் முத்தம். எழுந்தால் விடுவாளா?

"இந்தக் கால் பாக்கிம்மா!"

கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் கைக்குழந்தையிலிருந்தே என் பெண்ணுக்குக் குறைவு. லேசாகக் காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரி. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும் நான் அவள் முகத்தருகே எப்படிப் போவேன்? அதனால்தான் குதிகால்.

மார்ச் 11

"எண்ணிக்கையை மட்டும் பாத்துட்டு இருந்தா போதாது. ரத்த அணு உற்பத்தியாகுற எடத்துலயே பாத்துடுவோம்" என்றார் டாக்டரம்மா. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்களாம். அங்கே உற்பத்தியே சரியில்லை என்றால் தினமும் ஊசி, பெரிய வைத்தியம். ஸ்கூல்? "ரிசல்ட் வரட்டும்."

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் தையல் மெஷினில் சுண்டுவுக்கு யூனிபார்ம் தைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"யாரக் கேட்டுத் தைக்கிறீங்க?"

"தைச்சு வெச்சா கெட்டா போயிடும்?"

மனுஷனைத் திட்டவும் முடியவில்லை.

மார்ச் 19

மஜ்ஜை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் கொஞ்சினாள்: "அழாத சமத்து! எனக்கு ஒரு முத்தம் குடு பாப்போம்."

சுண்டு போர்வைக்குள்ளிருந்து காலை நீட்டினாள்.

கால் வலிக்கிறதாக்கும் என்று பாவம் அந்த நர்ஸ் நீவிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வெளியே போய் அழுதேன். முத்தம்னா கால்லதான்னு நெனச்சிருக்கு எம்பொண்ணு... நாந்தானே பழக்கினேன்.

மார்ச் 23

இன்னும் ரிசல்ட் வரவில்லை. யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

மார்ச் 28

"மஜ்ஜை நல்லா வேலை செய்யுது. வெள்ளணு தேவையான அளவு உற்பத்தியாகுது. வெளிய வந்தப்புறம் அவ உடம்பே அதை எதிரின்னு நெனச்சு அழிச்சிடுது. வளர வளரப் பெரும்பாலும் தானா சரியாயிடும். காய்ச்சல்னா மட்டும் அந்த நிமிஷமே இங்க வந்துடணும்."

"ஸ்கூல்?"

"தாராளமா அனுப்புங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து வரும்போதுதான் கேட்டேன், "டாக்டர், கன்னத்துல முத்தம் குடுக்கலாமா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்குச் சளி, காய்ச்சல் இல்லாதப்போ குடுங்களேன். யாரு வேண்டாம்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாகப் போட்ட சட்டம்! பயத்தில் கேட்கக்கூடத் தோன்றவில்லை. எத்தனை முத்தத்தைக் கோட்டை விட்டேன்?

குளித்துவிட்டு வந்து ஆசை தீரக் கன்னத்தில் கொடுத்தேன். அவள் துடைத்துக்கொண்டாள்.

"அங்க இல்லம்மா!"

காலைத் தூக்கிவிட்டாள்.

ஜூன் 9

போன வாரம் பார்த்ததில் எண்ணிக்கை இன்னும் குறைவுதான். இருந்தாலும் இன்று முதல் நாள். யூனிபார்ம் கொஞ்சம் தொளதொள. வளர்வாள் என்று வேண்டுமென்றே அப்படித் தைத்தாராம்.

ஸ்கூல் வாசலில் மற்ற பிள்ளைகளெல்லாம் ஒரே அழுகை. இவள் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டினாள். இத்தனை பேருக்கு நடுவிலா! கண்டக்டர் உடுப்போடு மண்டிபோட்டுக் கொடுத்தேன். ஷூவை மாட்டிவிட்டு அடுத்த காலைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டாள்.

"அது பாக்கி. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு டூட்டிக்கு லேட்.